சதுப்பில் நட்ட கம்பம்

பூங்கா அலுவலகத்தின் மாடி அறையில் ஜன்னலைத் திறந்தால் வெயில் நேராகக் கணினித் திரையில் விழும். மூடினால் புழுக்கம் ஆளைக் கொல்லும். எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுகிற அந்தப் பெண் புழுக்கத்தோடு சமாதானமாகிவிட்டிருந்தாள். காட்டுக்குள் ஆங்காங்கே கட்டியிருக்கும் தானியங்கிக் கேமராக்களின் படங்களைப் பிரித்து மான், கரடி, காட்டுப்பூனை என்று தனித்தனி ஃபோல்டரில் போடுவது அவள் வேலை. ஒன்றுமே இல்லாமல் வெறும் சாம்பலாக வரும் படங்களுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். அதற்குப் பெயர் 'பனி'.

பனியில் பெரும்பங்கு கீழ்ச் சதுப்பிலிருந்து வந்தது. இடுப்பளவு தண்ணீர், அதற்கு மேல் ஆளுயரக் கோரை, பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. கேமரா கட்ட வேறு வழியில்லாமல், வனக்காவலனான அவளுடைய அண்ணன் ஒரு பருத்த கம்பத்தைப் படகில் கொண்டுபோய் அங்கே நட்டிருந்தான். பாதி நேரம் தண்ணீரிலேயே கிடப்பதால் அவனை நீர்க்கோழி என்பார்கள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் மாதம் தவறாமல் இதில் சண்டை வரும். லென்சைத் துடைக்காமல் படகிலேயே தூங்கிவிட்டு வருகிறான் என்று அவள் சொல்வாள். காற்றில் சாய்ந்து கிடக்கும் கம்பத்தை நிமிர்த்திக் கட்டவே உயிர் போகிறது என்பான் அவன்.

"அந்தக் கேமராவத் துடைக்கிற மாதிரி நான் என் மூஞ்சியக்கூடத் துடைச்சதில்லடி."

"அது பாத்தாலே தெரியுது."

இன்று அவளுக்குச் சண்டை போடவும் மனமில்லை. சாயங்காலம் அதிகாரி அறிக்கையில் கையெழுத்திடப்போகிறார். கீழ்ச் சதுப்பில் தவளைகளும் சில பறவைகளும் தவிர வேறொன்றும் இல்லை, ஆகவே பூங்கா எல்லையிலிருந்து அதை விலக்கிவிடலாம் என்பது முடிவு. விலக்கியதும் மண்ணைக் கொட்டி மேலே சாலை போடுவார்கள். 'வேறொன்றும் இல்லை' என்ற சொற்கள் அவள் தட்டச்சு செய்தவை. ஓர் இடத்தை இல்லாமல் ஆக்க இவ்வளவுதானா என்று நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று 'பனி'யைத் திறந்தாள்.

சாம்பல். மறுபடி சாம்பல். பிறகு ஒரு படத்தின் மூலையில் கம்பிபோல் வளைந்த ஒரு முடி. திரையில் ஒட்டியிருக்கிறதென்று சட்டை நுனியால் துடைத்தாள். முடி போகவில்லை.

பனிக்கு ஏது முடி?

படங்களை வரிசையாக வேகமாக ஓட்டினாள். பனி அசைந்தது. அதில் மேடுகள் தெரிந்தன. வறண்ட ஆறுகள்போலக் கோடுகள் பிரிந்து ஓடின. அது தோல். வானத்திலிருந்து ஒரு தேசத்தைப் பார்ப்பதுபோல் அவள் ஒரு தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பில் சேறு காய்ந்திருந்தது. சேற்றில் ஒரு புல்விதை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நத்தை. அதற்கும் மேலே, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல், நகத்தளவு தவளை ஒன்று. சதுப்பே ஒரு முதுகில் ஏறி நடந்து போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சுவர் விலகியது. நீண்ட இமைமுடிகளுக்குக் கீழே ஒரு கண், அவளையே பார்த்தது. அதற்குப் பின்னால் விடிகாலை வெளிச்சத்தில் கோரைக்கு மேலே முதுகுகள், முதுகுகளுக்கு அப்பாலும் முதுகுகள், படம் முடிகிற இடம்வரை. ஒரு குட்டி மட்டும் தாயின் வயிற்றோரம் நின்று, தும்பிக்கையைத் தூக்கிக் கேமராவை முகர்ந்துகொண்டிருந்தது.

யானைகள் மலையை விட்டுக் கீழே இறங்குவதில்லை என்றுதான் அந்த அலுவலகத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தண்ணீரில் கால்தடம் நிற்பதில்லை. மிதிபட்ட கோரையும் அண்ணன் போவதற்குள் நிமிர்ந்துவிடும்.

அவனை ஃபோனில் பிடித்தாள். "அண்ணா, அந்தக் கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

"ஒவ்வொரு தடவ ஒவ்வொரு பக்கம். காத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"காத்து இல்ல. யானை. அங்க ஒரசிக்க ஒரு மரம் கிடையாதுல்ல. உன் கம்பத்துல வந்து முதுகு சொறிஞ்சுக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமே வருது."

மறுமுனையில் அவன் துடுப்பைப் படகுக்குள் வைக்கும் சத்தம் கேட்டது.

"அத நான் மாசாமாசம் நிமித்தி வச்சிட்டு வந்திருக்கேன்" என்றான் மெதுவாக.

அதிகாரி பேனாவோடு வந்தபோது அவள் படங்களை ஓட்டினாள். நின்றபடி பார்க்கத் தொடங்கிய அந்த அம்மாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். முளைவிட்ட விதை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது என்ன?"

"புல்லு மேடம். முளைச்சிருக்கு."

"முதுகுலயா?"

"முதுகுலதான்."

அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். சதுப்பு எல்லைக்குள்ளேயே இருக்கட்டும், இந்தப் படங்களை வைத்து அறிக்கையைப் புதிதாக எழுது என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் மறுபடி ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. அண்ணன்தான், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரல். "இங்கதான் நிக்கிறேன். கம்பத்தப் பிடுங்கித் தள்ளி நடவா? படம் தெளிவா வரும்."

அவள் திரையில் அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"பிடுங்காத. தள்ளி இன்னொண்ணு நடு. அது நமக்கு."