அந்த அறையில் பேசியது

அரசு வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே தையல்காரிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சாட்சிக் கூண்டில் நின்றது அவள் கணவன், மில் எலெக்ட்ரீஷியன். மில் கிடங்கு எரிந்த வழக்கில் அவனையும் சங்கத்துக்காரர்கள் நால்வரையும் சேர்த்து உள்ளே போட்டிருந்தார்கள். தீ வைத்தவனைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. அதனால் கூட்டுச் சதி என்று வழக்கு.

"தீக்குச்சி கிழிச்சவனைத்தான் பிடிக்கணும்னு இல்லம்மா," என்று இன்ஸ்பெக்டர் அவளுக்கு விளக்கியிருந்தார். "எரிக்கலாம்னு கூடிப் பேசி ஒத்துக்கிட்டாலே குத்தம்தான். ஆனா நாலு சுவத்துக்குள்ள பேசினதை உள்ள இருந்தவன் சொன்னாதான் உண்டு. உன் புருஷன் அரசு தரப்புச் சாட்சியா மாறி அப்ரூவர் ஆயிட்டா மன்னிப்பு கிடைக்கும். வீட்டுக்கு வந்துடலாம்."

அதைச் சிறைக்குச் சுமந்துபோய் அவன் காதில் போட்டவள் அவள்தான். "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. அவங்க கேக்கறதைச் சொல்லித் தொலைங்களேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எரிக்கத்தான் கூடிப் பேசினோம் என்று அவன் மாஜிஸ்திரேட் முன்னால் அப்படியே சொன்னான். அன்றிலிருந்து, அந்த நால்வரில் ஒருவரான சங்கத் தலைவரின் மனைவி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போகட்டும், ஆள் வெளியே வந்தால் சரி என்று இவள் மென்று விழுங்கினாள். மெஷினை மிதிக்கும்போது மட்டும் கால் தன்பாட்டில் நின்றுவிடும்.

"அன்னிக்குச் சங்கத்து ரூம்ல என்ன பேசினீங்க?" பதில் தெரிந்தவரின் அலட்சியத்தோடு கேட்டார் வக்கீல்.

"வேலைநிறுத்தம் பத்திப் பேசினோம் சார்."

"அப்புறம்?"

அவன் அவளைப் பார்த்தான். மன்னிச்சுக்கோ என்பதுபோல் இருந்தது.

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். எரிக்கறதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. மில்லு மேல ஒரு கல்லுகூட விழக்கூடாது, அது நம்ம சோறுன்னுதான் தலைவர் சொன்னாரு."

"மாஜிஸ்திரேட்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது வீட்டுக்குப் போற ஆசையில சொன்ன பொய் சார்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "உங்க மன்னிப்பு போயிடும். திரும்ப உங்க மேலயே வழக்கு நடக்கும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் ஐயா."

அழுகை வரப்போகிறதென்று முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். வரவில்லை. கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷனை இப்படிக் கண்ணாரப் பார்த்ததில்லை என்று தோன்றியது. எலெக்ட்ரீஷியன் என்று பேர்தான். ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொள்ள ஆள் தேடுவான். இன்று யாரும் பிடிக்காமல் அத்தனை உயரத்தில் நிற்கிறான்.

வெளியே வராந்தாவில் ஒரே கூட்டம். "தள்ளுங்க, என் வீட்டுக்காரர் வர்றாரு" என்று முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

போலீஸ்காரர்களுக்கு நடுவில் வந்தவன் அவளருகே தயங்கினான். "புள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்லுவ?"

"நீங்க உள்ள சொன்னதைச் சொல்றேன். ஒரு எழுத்து விடாம."

அப்ரூவர் என்பதால் இதுவரை அவனைத் தனி ஜீப்பில்தான் கொண்டுவந்தார்கள். இன்று ஜீப்பில் யாரும் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. மற்ற நால்வரும் ஏறியிருந்த சிறை வேனுக்கு அவனை நடத்திப்போனார்கள். படி உயரம். உள்ளே இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, அவன் மணிக்கட்டைப் பற்றி மேலே தூக்கியது.