பனிக்கரடிக்கு ஒரு மறுமொழி

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் நட்டம் சட்டக் கல்லூரிக்குத்தான் என்று முடிவுகட்டி, தகப்பனின் வயலுக்குத் திரும்பி வந்தவர் செல்வராசா. ஊர் அவருக்கு 'அப்புக்காத்து' என்று பட்டம் சூட்டியது. கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய வழக்கறிஞர்களுக்கு முந்திய நாளில் வழங்கிய பெயர் அது. ஊரார் பகிடிக்குத்தான் சொன்னார்கள். செல்வராசா அதைப் பட்டமளிப்பாகவே ஏற்றுக்கொண்டார்.

அப்புக்காத்து என்றால் எதிர்த்து வாதாட ஒருவர் வேண்டாமா? ஊரில் அப்படி யாரும் அகப்படவில்லை. அவர் 'முதலாவதாக' என்று தொடங்கியதுமே ஆட்களுக்கு மாடு அவிழ்த்துக் கட்டுகிற நினைவு வந்துவிடும். மனைவி சிவலட்சுமி இன்னும் மோசம். "ஓமப்பா, நீங்கள் சொல்லுறதுதான் சரி. சோறு ஆறுது" என்று வழக்கை முதல் தவணையிலேயே விட்டுக்கொடுத்துவிடுவாள். அரசியல் பேசலாமென்றால், கிளிநொச்சியில் அந்த நாட்களில் எதை, எங்கே, யாரோடு பேசலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தோடு மட்டும் செல்வராசா ஒருநாளும் வாதாடியதில்லை. அவ்வளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

சண்டை நின்று சமாதான காலம் வந்தது, தெற்குக்குப் பாதை திறந்தது, கண்டி வீதியோரம் பத்மாசனி 'கொமினிகேசன்' என்று ஒரு தொலைபேசிக் கடை போட்டாள். கூரையில் செய்மதித் தட்டு, பின்வளவில் ஜெனரேற்றர், உள்ளே நாலு கொம்பியூட்டர். கனடாவில் இருந்த தம்பிக்குக் கோல் எடுக்கப் போன இடத்தில் செல்வராசா 'நடுவீதி' என்ற கருத்துக்களத்தைக் கண்டுகொண்டார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், இரவு பகலாக அங்கே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மரணதண்டனை சரியா? பொய் எப்போது தர்மம்? பெரும்பான்மை சொல்வதெல்லாம் நீதியாகிவிடுமா? ஒருவருக்கும் மாடு கட்டுகிற அலுவல் இல்லை. செல்வராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே 'அப்புக்காத்து' என்ற பெயரில் சேர்ந்துகொண்டார்.

அங்கேதான் அவருக்குப் 'பனிக்கரடி' கிடைத்தான். நோர்வேயில் இருக்கிறானாம். அவனா அவளா, கிழவனா குமரனா, ஒன்றும் தெரியாது. எதைப் பற்றித் தொடங்கினாலும் பனிக்கரடி கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்பான்: சட்டம் மனிதனின் காரணத்தைக் கேட்க வேண்டும். செல்வராசாவும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்: காரணம் கேட்கத் தொடங்கினால் சட்டம் கந்தலாகிவிடும். பனிக்கரடி எழுதுவதையெல்லாம் அவர் ஒரு வரி விடாமல் வாசித்தார். மனைவியின் பேச்சைக்கூட அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இந்த வாதத்தில் செல்வராசாவுக்கு ஒரு தனித் தெம்பு இருந்தது. அவர் சும்மா வாய்வீரர் அல்ல, சொந்தமாகச் சட்டம் இயற்றியவர். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அந்த வயல்களையே எல்லோருக்கும் துண்டு துண்டாகப் பங்கிடுவார்கள். செல்வராசாவைப் போல வாய்க்காலின் கடைக்கோடியில் காணி வைத்திருப்பவரும் அந்த ஒரு போகத்துக்கு இன்னொருவரின் வயலில் தன் பங்கை விதைத்து வெட்டலாம். ஆனால் பங்கு பிரித்து முடிந்த பிறகு "எனக்கு எங்கை?" என்று வந்து நிற்பவர்களால் ஒவ்வொரு வருடமும் அடிபிடி. போன வருடம் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் செல்வராசா எழும்பி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டத்தில் பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அந்தப் போகம் பங்கில்லை. ஆளுக்குப் பதில் ஆள் வர முடியாது. காரணம் கேட்கப்படமாட்டாது. எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்துவிட்டது என்ற சந்தோசத்தில் பாதிப்பேர் தட்டியது அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் மாரி வெள்ளம் அவருடைய காலபோகப் பயிரை நின்ற நிலையிலேயே அழுக வைத்துவிட்டுப் போனது. வீட்டில் விதைநெல்லைத் தவிர வேறு நெல் இல்லை. சிறுபோகப் பங்கு விளைந்தால் சொந்தச் சோறு, இல்லாவிட்டால் அடுத்த மாசி வரைக்கும் கடையரிசி. இதைச் சிவலட்சுமி நன்றாக விளங்கி வைத்திருந்தாள். கூட்டத்தன்று காலையில் அவர் சைக்கிளை எடுத்தபோது படலைக்கு வந்து மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, ரவுணுக்குப் போறதெண்டா நீங்கள் ஆறுதலாப் போட்டு வாங்கோ. கூட்டத்துக்கு நான் போறன்."

"காணி ஆற்ற பேரில இருக்கு? ஆளுக்குப் பதில் ஆள் ஏலாது. சட்டம் தெரியாதே உமக்கு?"

"ஆர் போட்ட சட்டம்?"

"ஆர் போட்டாலென்ன, சட்டம் சட்டம்தான். பத்து மணிக்கு நான் அங்க நிப்பன்."

உண்மையில் அவர் ஒரே ஒரு மறுமொழி போட்டுவிட்டு ஓடிவரத்தான் நினைத்திருந்தார். நடுவீதியில் கொஞ்ச நாளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. பனிப்புயலில் பஸ் நின்றுபோய், பரீட்சைக்குப் பிந்தி வந்த ஒரு மாணவியை மண்டபத்துக்குள் விடலாமா கூடாதா? பத்மாசனியின் கடையில் போய்க் குந்தியதும் பனிக்கரடியின் பதில் அவரை வரவேற்றது. 'அந்தப் பிள்ளை நின்ற வாசலில் அப்புக்காத்து ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் கதவைச் சாத்தச் சொல்வாரானால், நான் தோற்றேன்.'

செல்வராசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தத் தொடங்கினார். பாதியில் ஜெனரேற்றர் இருமி நின்றது. எழுதியதெல்லாம் போய்விட்டது. பத்மாசனி பின்வளவுக்குப் போய் அதை உசுப்பிவிட்டு வந்தாள்.

"அண்ணை, கூட்டமெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"முடியுது, முடியுது."

முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை இன்னும் நன்றாக வந்தது. கடைசி வரியை எழுதியபோது அவருக்கே மெய்சிலிர்த்தது. 'நேரத்துக்கு வராதவன் தன் உரிமையைத் தானே தள்ளிவிட்டவன். அவனுடைய கதையைக் கேட்பது, நேரத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் செய்கிற அநியாயம்.' ஆசை தீர வாசித்து, அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். சுவர் மணிக்கூட்டில் பதினொன்றாகப் போகிறது.

சைக்கிளை அவர் மிதித்த மிதிக்குச் செயின் கழன்றிருக்க வேண்டும். கழன்றிருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். பாழாய்ப்போன சைக்கிள் அன்றைக்கென்று நன்றாக ஓடியது.

பொதுநோக்கு மண்டப வாசலில் அவருக்குச் சற்று முன்னால் இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. நேசமலர். புருசன் இல்லாமல் தனியாக நின்று வயல் செய்பவள். பின்னால் கரியரில் அவளுடைய சின்ன மகள், நெஞ்சு கீக்கீயென்று இழுக்க, தாயின் சட்டையைப் பிடித்தபடி இருந்தாள்.

"அண்ணை, பேர் கூப்பிட்டாச்சோ?" என்று நேசமலர் கேட்டாள். செல்வராசாவுக்கு மூச்சு வாங்கியது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அவளுக்குப் பின்னால் போனார்.

உள்ளே சங்கத் தலைவர் நடராசா பங்கு பிரிக்கத் தொடங்கியிருந்தார். நேசமலரைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "பிள்ளை, பேர் கூப்பிட்டு முடிஞ்சுது. போன வருசத் தீர்மானம் தெரியும்தானே?"

"பிள்ளைக்கு விடியக்காலமை இழுப்பு வந்திட்டுது. ஆஸ்பத்திரியில வைச்சிருந்து இப்பதான் விட்டவை. நான் என்ன செய்ய?"

"காரணம் கேக்கிறேல்லையெண்டுதானே தீர்மானம்?" என்று பின்வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். நேரத்துக்கு வந்தவர்களுக்குப் பங்கு கொஞ்சம் கூடும் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. செல்வராசாவின் அதே கட்சிதான். ஆனால் தன் வாயிலிருந்து வரும்போது அது இவ்வளவு கேவலமாகக் கேட்டதில்லை என்று அவர் நினைத்தார்.

அப்போதுதான் நடராசா நேசமலருக்குப் பின்னால் நின்றவரைக் கண்டார். மண்டபமும் கண்டது. யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

நடராசா எழும்பி வந்து, செல்வராசாவின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். சங்கத்துக்கு வேண்டிய பெட்டிசமெல்லாம் எழுதிக் கொடுப்பவர் என்று அவருக்குச் செல்வராசாவில் ஒரு பட்சம். "உம்மட தீர்மானம், நீரே எழும்பி மாத்தச் சொல்லிக் கேளும். நல்ல காரணம் இருந்தா எடுக்கலாமெண்டு மாத்துவம். நேசமலருக்குக் காரணம் இருக்கு. நீர் காய்ச்சல் எண்டு சொல்லும். ஆர் உம்மைத் தொட்டுப் பாக்கப்போறான்?"

கணக்கு செல்வராசாவுக்கு உடனே விளங்கியது. தீர்மானம் அப்படியே நின்றால் இருவருக்கும் பங்கில்லை. மாறினால் நேசமலர் உள்ளே, தானும் ஒரு காய்ச்சலோடு உள்ளே. சிவலட்சுமியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. காய்ச்சல் என்ற சொல்லை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டுதான் அவர் முன்னுக்குப் போனார்.

"முதலாவதாக…" என்றார். நாலைந்து பேர் எழும்பப் பார்த்தார்கள். நடராசா கையைக் காட்டி இருத்தினார்.

அதன்பின் செல்வராசா பேசினார். நன்றாகவே பேசினார். ஆனால் அந்த வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் பனிக்கரடியுடையது. வெட்டிப் பேசுவதற்காக மாதக்கணக்காக வாசித்து வாசித்து, எதிரியின் வாதம் அவருக்கு மனப்பாடமாகிப் போயிருந்தது. "காரணம் கேக்காத சட்டத்துக்கு, விளையாட்டுத்தனமாப் பிந்தினவனும் ஒண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவளும் ஒண்டு. ரெண்டும் ஒண்டெண்டா அதென்ன நியாயம்? ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தானே நாங்கள் மனிசர் இஞ்ச கூடியிருக்கிறம்?"

கை உயர்த்தச் சொன்னபோது மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. பின்வரிசைக்காரரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அரைக் கை உயர்த்தினார். நேசமலர் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்து அழத் தொடங்கினாள்.

"சரி, இனி உம்மட காரணம்?" என்றார் நடராசா. சொல்லும், சொல்லும் என்று கண்ணைக் காட்டினார்.

செல்வராசா வாயைத் திறந்தார். பிள்ளையின் இழுப்பு மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இப்போதுதான் தொண்டை கிழியச் சொன்னவர், அந்த இழுப்புக்குப் பக்கத்தில் தன் பொய்க் காய்ச்சலை எப்படிக் கொண்டுபோய் இருத்துவது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நான் கொம்பியூட்டரில இருந்தனான்."

"என்ன அவசர அலுவலோ?" நடராசா இன்னும் கைவிடவில்லை.

"ஒரு ஆளுக்கு மறுமொழி எழுதினனான்."

"என்னெண்டு?"

"நேரத்துக்கு வராத ஆக்களுக்கு உரிமை இல்லையெண்டு."

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். நடராசா மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த நேசமலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய மகள், எதற்கென்று தெரியாமல், இருமி இருமிச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பங்கு பிரிப்பைத் தொடர்ந்தார்கள்.

வீட்டில் சிவலட்சுமி கத்துவாள் என்று எதிர்பார்த்து வந்தார். அவள் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டே அடுப்பில் கேத்திலை வைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுத்தவைதானே?"

"ஓம்."

"அதுமட்டும் புண்ணியம்." தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். "கடையரிசி முழுக்கக் கல்லு. மாசி மட்டும் நீங்கள்தான் இருந்து பொறுக்கித் தரவேணும்."

"ஓமப்பா, நீர் சொல்லுறதுதான் சரி" என்றார் செல்வராசா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கை முதல் தவணையிலேயே விட்டுக்கொடுத்தார்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. பனிக்கரடிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன வாசலில் நின்று பார்த்தேன், நீங்கள் சொன்னதே சரி. சொல்வதற்குக் கசப்பான வசனம்தான். அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்தது. ஊரார் எல்லோரும் மண்வெட்டியோடு குளத்தடி வயல்களுக்குப் போன ஒரு காலையில் அவர் சைக்கிளைக் கொமினிகேசன் பக்கம் திருப்பினார்.

நடுவீதி திறந்தது. அப்புக்காத்துக்கு வாழ்த்து, வாழ்த்து என்று திரை முழுக்கப் பெயர்கள். அவர் ஒன்றும் விளங்காமல் மேலே போய்ப் பார்த்தார். பனிக்கரடி எழுதியிருந்தான்.

'அப்புக்காத்தின் கடைசி மறுமொழியைப் பல தடவை வாசித்தேன். பதில் சொல்ல முடியவில்லை. தோல்வியை மனமார ஒப்புக்கொள்கிறேன். என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள், ஐயா. எங்கள் மாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். இனிக் கூட்டத்துக்குப் பிந்தி வருபவர்களுக்கு வாக்கில்லை, காரணமும் கேட்கப்படாது என்று நேற்றே தீர்மானம் போட்டுவிட்டேன்.'

செல்வராசா அதை இன்னொரு தடவை வாசித்தார். ஆயுளில் அவர் வென்ற ஒரே வழக்கு. கட்டணமாக ஒரு போகத்து வயலைக் கட்டி வென்றது. பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். ஒற்றை விரலை நீட்டி 'முதலாவதாக' என்று குத்தத் தொடங்கினார். பனிக்கரடியுடைய வாதங்களையே பனிக்கரடிக்கு எதிராக எழுத வேண்டும். நோர்வேயில் இழுப்புக்காரப் பிள்ளையோடு யாராவது பிந்தி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பத்மாசனி ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"என்னண்ணை, காலமையே வந்து குந்தீட்டியள்? எல்லாரும் விதைப்புக்குப் போகினம். வயலுக்குப் போறேல்லையோ?"

"எந்த வயலுக்கு, பிள்ளை?" என்றார் செல்வராசா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.