மச்சான் பிடித்த கயிறு

ஆத்தூருக்கு மேலே தேன்தட்டுப் பாறையில் மூக்கையாவைக் கொலை செய்த அன்று அவர் விழவில்லை. கொலை என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. காலை வெயிலில், நல்ல வெளிச்சத்தில், மூன்று பேர் அவர் இடுப்பில் தேன் எடுக்கிற கொடிக்கயிற்றைக் கட்டினார்கள், பாறை விளிம்பிலிருந்து கீழே இறக்கினார்கள், மேலே அரிவாளால் ஒரே வெட்டு. வெள்ளை வேட்டி கட்டிய நாலாவது ஆள் நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார். ‘தேன் எடுக்கச் சென்ற பளியர் தவறி விழுந்து பலி’ என்ற செய்தி முதல் நாள் சாயங்காலமே ஒரு நிருபருக்குச் சொல்லப்பட்டு, அவரும் ‘பலி’க்குப் பக்கத்தில் ‘பரிதாபமாக’ சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். ஆனால் வெட்டுப்பட்ட கயிறு வெட்டுப்பட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு நுனி விளிம்புக்கு இரண்டு முழம் கீழே, எதிலும் கட்டப்படாமல். மறு நுனியில் மூக்கையா, முழுசாக. அரிவாள்காரன் எட்டிப் பார்த்தான். மூக்கையா அண்ணாந்து, அவனையும் பார்த்தார், நிழலில் நின்ற வெள்ளை வேட்டியையும் பார்த்துக்கொண்டார்.

திட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், உறவுமுறை ஒன்றைத் தவிர. அந்த மலையில் தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடித்தால் பழைய மனஸ்தாபம் ஏதாவது கையில் வழுக்கலாம். மச்சான் கையை விட்டால் தாலி அறுவது அவன் தங்கச்சிக்கு. ஆகவே மச்சான் விடமாட்டான். மூக்கையாவின் மச்சான் ஈஸ்வரன் அந்த நேரத்தில் மலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில், கிதர் முகம்மது கமிஷன் மண்டியில், கேரளா லாரிக்கு முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தானாக மூடிக்கொண்டது. தோளிலிருந்த கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

“ஏலே, கைல என்னத்த வச்சிருக்க? காட்டு” என்றார் கிதர் முகம்மது.

“ஒண்ணுமில்ல பாய்.”

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு வேர்க்குது?”

“கனக்குது பாய். ஆள் கனம்.”

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. தங்கச்சி பானுப்ரியா. அவள் அழவில்லை. “அண்ணே, விட்றாத” என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஈஸ்வரன் அன்றிலிருந்து ஒற்றைக் கையால் மூட்டை ஏற்றினார். மார்க்கெட்டில் அதை ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் தக்காளி விலை இறங்கியதில் மறந்துவிட்டார்கள்.

மூக்கையா செய்த குற்றம் சின்னதுதான். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற மலைக்கு, வன உரிமைச் சட்டத்தின்படி, தங்கள் பளியர் ஜனங்கள் பேரில் பட்டா கேட்டு மனுப் போட்டார். அதே மலையில் முன்னாள் சேர்மன் தண்டபாணிக்கு ஒரு கல்குவாரி தேவைப்பட்டது. இந்த மனுவை முதலில் கொடுத்தவர் மூக்கையாவின் அப்பா. ஆற்றில் நீந்தியே வளர்ந்த அவர் முழங்கால் தண்ணீரில் மூழ்கிப் போனார். அடுத்துக் கையெழுத்துப் போட்டவர் தம்பி. அவரை ஆளில்லாத டிராக்டர் ஒன்று, வயலை விட்டு, வாய்க்காலைத் தாண்டி, வீட்டுக்குள் வந்து மோதியது. இரண்டுமே விபத்து என்று முடிந்தது. அந்தக் குடும்பத்துக்கு விபத்து ராசி என்று தாலுகா ஆபீசில் அனுதாபமாகப் பேசிக்கொண்டார்கள்.

தொங்கிக்கொண்டிருந்த மூக்கையாவை மீட்க அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி பாதிக்குத்தான் எட்டியது. பாறை உச்சியிலிருந்து கொக்கி போட்டு, கயிற்று நுனியைப் பிடித்து எட்டுப் பேர் இழுத்தார்கள். வரவில்லை, அது வேறொருவர் கையில் இருந்ததால். “வீணா இழுக்காதீங்க சார், எங்க மச்சானைக் கூட்டியாங்க” என்று கீழேயிருந்து மூக்கையா சொன்னார். கையோடு, தன்னைக் கொன்றது யார் என்பதையும் தண்டபாணி பெயரைச் சொல்லி, மலை அதிரக் கத்தினார். எதிரொலி காரணமாகப் பெயர் தெளிவாகக் கேட்கவில்லை என்று ஏட்டு குறித்துக்கொண்டார். கொலை வழக்குப் போடப் பிணம் இல்லை. கொலை முயற்சி என்று போடலாமென்றால், புகார்தாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். “உங்க வீட்டுக்காரரை எறங்கி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “எறங்குனா செத்துருவாரு சார்” என்றாள் பானுப்ரியா. “அப்ப அதுக்கு வேற செக்‌ஷன் இருக்கு, கவலைப்படாத” என்றார் அவர்.

பசி தாகம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கொலையான மனிதருக்கு அதெல்லாம் எடுப்பதில்லை என்று தெரிந்தது. மழை வந்தால் நனைந்தார், காற்று வந்தால் ஆடினார். ஆத்தூர்ப் பக்கம் பூப்பறிக்கிற பெண்கள் காலையில் மலையைப் பார்த்து, அவர் எந்தப் பக்கம் ஆடுகிறார் என்பதை வைத்துக் காற்றுக் கணக்குச் சொல்லப் பழகினார்கள்.

ஈஸ்வரன் பாறை உச்சிக்கு ஏறிப்போய் இழுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சம்பவத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, தேன்தட்டுப் பாறைக்குப் போகும் பாதை மூடப்பட்டுவிட்டது. ஏறுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு அவர் மலைவாசி என்று சான்றிதழ் வேண்டும். மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர் எப்படி மலைவாசி ஆவார் என்று ஒரு மேஜையில் கேட்டார்கள். மலைவாசி என்றால் மார்க்கெட்டுக்கு ஏன் வந்தார் என்று அடுத்த மேஜையில் கேட்டார்கள். பானுப்ரியா ஒவ்வொரு திங்கட்கிழமையும் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். இடையில் சேர்மனின் ஆள் ஒருவன் மண்டிக்கு வந்து, ஈஸ்வரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நயமாகப் பேசினான்.

“ஏனுங்க, உங்களை யாரும் வெட்டுன்னு சொல்லலை, குத்துன்னு சொல்லலை. சும்மா கைய விரிக்கோணும், அவ்வளவுதானுங்க. நாளைக்கே வாட்ச்மேன் வேலை, யூனிபாரத்தோட.”

“கை என்னுதா இருந்தா விரிச்சுருவேன் அப்பு” என்றார் ஈஸ்வரன். “இது தங்கச்சி கையாச்சே.”

கடைசியில் அனுமதி வந்தது. வந்த அன்றே செம்பட்டி ரோட்டில், பட்டப்பகலில், நம்பர் பிளேட் இல்லாத டிப்பர் லாரி, போய்க்கொண்டிருந்த பாதையை விட்டு எதிர்ப்பக்கம் வந்து ஈஸ்வரன் மேல் ஏறியது. விபத்து ராசி மாப்பிள்ளை வீட்டோடு நிற்கவில்லை, பெண் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். உயிர் போனபோது மலையில் கயிறு ஒரு சாண் இறங்கி நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை. பிணவறையில் ஈஸ்வரனின் வலது கை மூடியே இருந்தது. டாக்டர் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, “விரல் பிடிவாதமாக உள்ளது” என்று எழுதினார்.

சேர்மன் தண்டபாணி இதை வேறு விதமாகக் கணக்குப் போட்டார். செத்தவன் கை மண்ணுக்குள் எத்தனை காலம் தாங்கும்? அதுவரை பொறுத்தால் போதும். நடுவில் ஊர் வாயை மூட ஒரு துக்க விசாரிப்பு அவசியம். பெரிய மாலையும், இரண்டு கேமராக்காரர்களும், துண்டுமாக மருத்துவமனைக்கு வந்து இறங்கினார். வேப்பமரத்தடியில் பானுப்ரியா தனியாக உட்கார்ந்திருந்தாள். கூட வந்திருந்த கிதர் முகம்மது பிணத்தை வாங்கக் கையெழுத்துப் போடப் போயிருந்தார். சேர்மன் கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொண்டு, தழுதழுத்தார்.

“அண்ணன் போயிட்டான்னு நெனைக்காத தங்கச்சி. இனிமே நான்தான் உன் கூடப்பொறந்தவன்.”

சமவெளியில் இது தினம் நூறு தரம் புழங்குகிற வார்த்தை. பஸ்ஸில் இடம் கேட்கிறவன் அண்ணன், வெண்டைக்காயில் அழுகலைத் தள்ளிவிடுகிறவன் அண்ணன், ஓட்டுக் கேட்கிறவன் அண்ணனுக்கும் மேல். யாரும் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதில்லை. பானுப்ரியா மலையில் பிறந்தவள். அங்கே ஒருவர் அண்ணன் என்றால் கயிறு பிடிக்கிற அண்ணன்தான்.

“நெசமாவாண்ணே?” என்றாள்.

“சத்தியமா” என்றார் சேர்மன், கேமராவைப் பார்த்து.

உள்ளே பிணவறையில் ஈஸ்வரனின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெளியே தண்டபாணியின் வலது கை மூடிக்கொண்டது. தோள்பட்டை வரைக்கும் ஓர் ஆள் கனம் இறங்க, அவர் மாலையோடு ஒரு பக்கம் சாய்ந்தார். துக்கம் தாளாமல் சாய்ந்தார் என்று இரண்டு சேனலில் வந்தது.

கை மூடிய அரசியல்வாதியின் பாடு சாதாரணமானதல்ல. அவரால் கும்பிட முடியவில்லை. கும்பிடப் போனால் குத்த வருவது போல இருந்தது. இரண்டு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். பிரியாணியை இடது கையால் சாப்பிட்டார். மதுரையில் நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர், தேனியில் ஒரு மந்திரவாதி, எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கைக்குள் ஒன்றும் இல்லை என்று மூவரும் ஒரே மாதிரி சொல்லி, தனித்தனியாக பீஸ் வாங்கினார்கள். மண்டியில் இந்தச் செய்தியைக் கேட்ட கிதர் முகம்மது, “அல்லா எங்கிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கான் பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈஸ்வரன் நின்று லோடு ஏற்றிய இடத்தை அன்று முழுக்கக் காலியாகவே வைத்திருந்தார்.

குவாரிப் பங்காளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சேர்மனிடம் நேராகப் பேசிப் பார்த்தார்கள். “அண்ணே, ஒரு ஆபரேஷன் பண்ணிக் கைய எடுத்துட்டா என்ன?” என்று ஒருவர் கேட்டார். சேர்மன் மறுத்துவிட்டார், அது ராசியான கை. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலை வேண்டும் என்றால் மூக்கையா விழ வேண்டும், மூக்கையா விழ வேண்டும் என்றால் பிடித்திருக்கிறவர் போக வேண்டும். பாடம் சொல்லிக் கொடுத்தவரே சேர்மன்தான். ஆகவே எப்படி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செம்பட்டி ரோட்டில் எதிரே வந்த டிப்பர் லாரி பாதையை விட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது, சேர்மன் தூரத்திலேயே அதை அடையாளம் கண்டுகொண்டார். அவர் சொந்த லாரி. கார்க் கதவைத் திறந்து கரும்புக் காட்டுக்குள் விழுந்து, எழுந்து, ஒரு செருப்போடு ஓடினார். வீட்டுக்குப் போனால் பங்காளிகள், ஸ்டேஷனுக்குப் போனால் பங்காளிகளின் மாமனார். ஊரில் தன்னைக் கொல்ல விரும்பாத இடம் எது என்று யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. வனச் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு யாரும் கேட்கவில்லை. சேர்மன் அல்லவா.

தேன்தட்டுப் பாறை உச்சியில், அண்ணனுக்கு வந்த அனுமதிச் சீட்டைக் காட்டி ஏறியிருந்த பானுப்ரியா வள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து விழுந்தவரைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

“வாங்கண்ணே. இம்புட்டு நாளு வரலியேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். இழுங்க.”

சேர்மன் எட்டிப் பார்த்தார். கீழே மூக்கையா ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்தால் சாட்சி மேலே வருவான். இழுக்காமல் இறங்கிப் போனால் லாரி. நாற்பது வருட அரசியலில் இரண்டு பக்கமும் கூட்டணிக்கு ஆள் இல்லாமல் அவர் நின்றது அன்றுதான். இடது கையையும் வலது மேல் போட்டு, பாறையில் காலை ஊன்றி, இல்லாத கயிற்றை இழுத்தார். மூக்கையா முழம் முழமாக ஏறினார். விளிம்புக்கு மேல் தலை வந்ததும் அவர் முதலில் கேட்டது, “ஈஸ்வரன் எங்க?” என்றுதான்.

“லாரி ஏத்திட்டாங்க” என்றாள் பானுப்ரியா. “ஏத்தச் சொன்னது இவருதான். இப்பப் புடிச்சிருக்கதும் இவருதான்.”

மூக்கையா கண்ணை மூடிக்கொண்டார். விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். மச்சானுக்காக அவர் அழுதது அந்தப் பாறையில்தான், பாதி உடம்பு அந்தரத்தில் இருக்க. பானுப்ரியா அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தானும் அப்போதுதான் அழுதாள். சேர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு கனத்தைத் தாங்கினார். பிறகு மூக்கையா கண்ணைத் திறந்தார்.

“நான் ஏறி வந்துட்டா இவரு கை விரிஞ்சிரும்ல?”

“விரிஞ்சிரும்.”

“விரிஞ்சா வீட்டுக்குப் போயிருவாரு. பங்காளிககூடச் சமாதானம் ஆயிருவாரு. அப்பறம் நம்மள்ல அடுத்த ஆளு யாருன்னு பாப்பாரு.” மூக்கையா விளிம்பிலிருந்து கையை எடுத்தார். “எறக்கச் சொல்லு புள்ள. மலைக்குப் பட்டா வரட்டும், வாரேன்.”

சேர்மன் இறக்கினார். அப்படியே பிடியை விட்டுவிட அவர் கை சம்மதிக்கவில்லை.

அதிலிருந்து தண்டபாணி அங்கேயேதான் இருக்கிறார். அண்ணன் என்பதால் பானுப்ரியா வேளாவேளைக்குக் கிழங்கும் தினைக்கஞ்சியும் கொடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. பளியர்களின் பட்டாவுக்காக அவரைப் போல் பாடுபட்டவர் மாவட்டத்தில் எவரும் இல்லை என்று ஆபீஸ்களில் ஒத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் இடது கையால் போனை எடுத்து, தாலுகா ஆபீசிலிருந்து சென்னை வரைக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சட்டத்தில் எந்தப் பிரிவு, மனு எந்த மேஜையில், ஏன் இவ்வளவு தாமதம், ஏழை ஜனம் என்றால் இளக்காரமா என்று சத்தம் போடுகிறார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை ஒரு காலத்தில் சொல்லச் சொல்லி வைத்தவரும் அவர்தான் என்பதால், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். கீழே செம்பட்டி ரோடு பிரிகிற இடத்தில் டிப்பர் லாரி, இஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு, “இன்னும் எம்புட்டு நாளைக்கு நான் இப்படிப் புடிக்கணும் தங்கச்சி?” என்று கேட்டார்.

பானுப்ரியா கிழங்கின் தோலை உரித்து அவருடைய இடது கையில் வைத்தாள்.

“எங்கண்ணன் அதக் கேக்கவே இல்லையே” என்றாள்.

சேர்மன் கிழங்கைத் தின்றுவிட்டு, அடுத்த ஆபீசுக்குப் போன் போட்டார்.