பராமரிப்பாளர்: தாய்

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளி மூன்று மணிக்கு விடும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் என்னை விடுவது ஆறு மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம் அவள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டில் தனியாக இருப்பாள். இது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

அரசாங்கம் மாலை நேர மையம் திறக்கிறதாம். பிள்ளைகளுக்குப் படிப்பு, விளையாட்டு, ஏழு மணி வரை பார்த்துக்கொள்ள ஆள். ஆனால் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அதெல்லாம் எங்கே வரும்? பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி ஒவ்வொரு கேள்வியையும் ஊருக்கே கேட்கும்படி படித்தான். பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டு அக்கா, வாயில் எதுவும் தங்காது.

"ஸ்கூல் விட்டதும் பிள்ளைய யாரு பாத்துக்குறாங்கக்கா?"

யாருமில்லை என்று எப்படிச் சொல்வது? பெற்றவளுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நான்தான், வேற யாரு?" என்றேன் வெடுக்கென்று. அவனும் அப்படியே தட்டி அனுப்பிவிட்டான்.

பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது. வீட்டில் பராமரிப்பாளராகத் தாய் இருப்பதால் குழந்தைக்குத் தகுதி இல்லை.

அடித்துப் பிடித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். திரையில் திருத்துவதற்கான பொத்தான் மங்கிக் கிடந்தது. தம்பி எத்தனை தடவை அமுக்கினாலும் அசையவில்லை.

"ஒரு தடவ அனுப்பிட்டா அவ்ளோதான்க்கா. இனிமே அடுத்த வருஷம்தான்."

அரை நாள் லீவு போட்டு அந்த மையத்தின் அரசு அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்லவர்தான், உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா என் கையில ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"நான் பொய் சொல்லிட்டேன் மேடம். அதையாவது எழுதிக்கோங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

அவரிடம் எப்படிக் கோபப்படுவது? என் வாயைத்தான் தைக்க வேண்டும். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை.

"டீச்சர் கேட்டப்போ நானும் அம்மா வீட்ல இருப்பாங்கன்னுதான் சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நீ இருக்குற மாதிரியே பேசிக்கிட்டு இருப்பேன்ல, அதான்."

என்ன பேசுவாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாளும் எனக்கு ஆறு மணி வரை வேலை.