புதர் வெட்டிய காவல்காரர்

இருபத்தாறு வருடம் ஒரு கிடங்கின் வாசலில் காவல் இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் அவரும் மனைவியும் ஊருக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். மனைவியின் ஆசைக்காக எட்டுக் கோழியும் ஒரு சேவலும் வாங்கினார்கள். கூண்டில் அடைக்காமல் அவை இஷ்டப்படி மேய வேண்டும் என்பதுதான் அவள் ஆசையே. இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் வாரமே புதரிலிருந்து பாய்ந்த கீரி ஒரு கோழியைக் கொண்டுபோனது. கிடங்கில் திருட்டு நடந்தால் என்ன செய்வாரோ அதையே இங்கும் செய்தார். திருடன் ஒளிய இடம் இருக்கக் கூடாது. இரண்டு நாள் அரிவாளும் கையுமாக நின்று, இருந்த புதரையெல்லாம் வெட்டி வேலியோரம் குவித்தார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கடைசி மூலைவரை துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது.

கீரி அப்புறம் வரவில்லை. ஆனால் அவர் சாப்பிட எழுந்து போன நேரங்களில் இன்னும் இரண்டு கோழிகள் போயின. தோட்டத்தின் நடுவில் கொஞ்சம் இறகு கிடந்தது. வேலியில் ஓட்டை இல்லை, மண்ணில் தடமும் இல்லை.

கூண்டில் கோழி வளர்க்கும் மச்சினன் வந்து பார்த்தான். "மாமா, நீங்க காவல் காத்த கிடங்குல சுவராவது மிச்சம் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு போச்சுன்னா மிச்சத்தை நீயே கொண்டுபோயிடு. நாளைக்குக் கூடையோட வா. ஒவ்வொண்ணா போறதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

மறுநாள் அவர் சாப்பிடக்கூட எழவில்லை. உச்சிவெயிலில் சேவல் ஒரு மாதிரி இழுத்துக் கூவியது. கோழிகள் சிதறி ஓடின. ஒன்று மட்டும் பழைய புதர் இருந்த இடத்துக்கு ஓடி, மிஞ்சியிருந்த கட்டையை ஒட்டிப் பதுங்கியது. அதன் மேல் ஒரு நிழல் விழுந்தது. அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார். கிடங்குக்கு வந்த திருடர்கள் எல்லாரும் நடந்து வந்தவர்கள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பருந்து நாலு இறகோடு மேலே எழும்பிப் போனது.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். "போயிடுச்சா?"

"இல்ல. இருக்கு."

வெட்டிய கட்டையைக் காட்டினார். "ஒளிய இடம் தேடுச்சு. நான்தான் வெட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப கீரி?"

"கீரி வந்தா விரட்ட நான் இருக்கேன்."

அவள் வேலியோரக் குவியலிலிருந்து ஒரு கிளையை இழுத்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க. முள்ளு, பாத்து."

சாயங்காலத்துக்குள் தோட்டமெங்கும் கிளைகள் கூடாரம் கூடாரமாகச் சாய்ந்து நின்றன. அவர் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோழியும் கண்ணில் படவில்லை. சருகு கிளறும் சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது.

"ஆறும் இருக்கா?" என்றாள்.

"தெரியல."

அவளும் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். "தம்பிகிட்ட கூடை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று உள்ளே போனாள்.