எட்டுப் பாட்டிலோடு ஓடியவர்

ஊர் மதுக்கடையில் யாராவது "வாங்க சாம்பியன்!" என்று கூப்பிட்டால் லொயிக் கெர்மாரெக் முந்திக்கொண்டு திருத்துவார்: "சாம்பியனுக்குத் தண்ணி தூக்குனவன்யா நான்." அதில் பொய்யில்லை. பன்னிரண்டு வருடம் சைக்கிள் பந்தயத்தில் ஓடினார், ஒன்றையும் ஜெயிக்கவில்லை. பின்னால் வரும் அணிக் காருக்குப் பின்வாங்கிப் போய், சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி பந்தயக்காரர் கூட்டத்தைப் பிடித்து, அணித் தலைவன் ஃபாப்ரிஸ் டெல்மாவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுப்பதுதான் வேலை. தொலைக்காட்சியில் அவரைக் கண்டுபிடிக்க அவர் அம்மாவாலேயே முடிந்ததில்லை.

கடைசி வருடம் பந்தயம் அவருடைய ஊரான ப்ளூகெர்னெக் வழியாகப் போனது. அன்று காலை மேலாளர் காபியைக் கலக்கிக்கொண்டே சொல்லிவிட்டார்: "இன்னிக்காவது ஜெயிச்சுக் காட்டு லொயிக். இல்லாட்டி அடுத்த வருஷம் உனக்கு இடமில்லப்பா." லொயிக் உடனே மனைவி சொலெனுக்குப் போன் போட்டு அழாக்குறையாக ஒப்பித்தார்.

பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவனுடைய ஊர் வந்தால் கூட்டம் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விட்டுவிடும். பெண்டாட்டி பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு அவன் திரும்பச் சேர்ந்துகொள்ள வேண்டும். நிற்காமல் ஓடிவிட்டால் அது பச்சைத் துரோகம். அந்தத் துரோகத்தைத்தான் செய்வதென்று லொயிக் தீர்மானித்திருந்தார்.

"போடா, சொலென் காத்துக்கிட்டிருப்பா" என்று டெல்மாவே முதுகில் தட்டி அனுப்பினான். லொயிக் மிதித்தார். கால் சொன்னபடி கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒருத்தரையும் காணோம். ஜெயித்தேவிடலாம் போலிருந்தது. முன்னால் வெறும் சாலையைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. யார் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவது என்றே தெரியவில்லை.

தேவாலய மேட்டில் உடம்பு கனத்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தார். பிறகுதான் முதுகைத் தடவிப் பார்த்தார். காரிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த எட்டுப் பாட்டில்! அணியின் மொத்தத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். இப்படி ஒரு திருடனை எந்த ஊர் போலீசும் கண்டிருக்காது.

மேட்டின் உச்சியில் ஊரே நின்றது. மகளை இடுப்பில் வைத்திருந்த சொலென் கத்தினாள்: "நிக்காத! போ, போ!"

லொயிக் பிரேக்கைப் பிடித்தார். "அவங்க தண்ணி எங்கிட்ட இருக்கு."

"தூக்கி எறிஞ்சுட்டுப் போ!"

"வெயில் கொளுத்துது சொலென். ஃபாப்ரிஸுக்கு நாக்கு வறண்டிருக்கும்."

"ஏன்டி மாப்பிள்ளைய விரட்டுற? ஒரு வாய் சாப்பிடட்டும்" என்று மாமியார் கோதுமைத் தோசையை நீட்டினார். லொயிக் அதையும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் வந்தது. தோசையை வாயில் கவ்வியபடி, சாலையோரமாக ஓடி ஓடி அணிக்காரர் ஒவ்வொருவர் கையிலும் பாட்டிலைக் கொடுத்தார். டெல்மா ஒரு வாய் குடித்துத் துப்பினான். "சூடா இருக்குடா!" பாட்டில் வாய்க்காலில் போய் விழுந்தது. கூட்டம் போய்விட்டது. அடுத்த வருடமும் அதோடு போய்விட்டது என்பது லொயிக்குக்குப் புரிந்தது.

"கோவமா?" என்று கேட்டார்.

"கோவமில்ல" என்றாள் சொலென். அவள் கண் கலங்கியிருந்தது. "பன்னெண்டு வருஷமா டிவியில உன்னத் தேடியிருக்கேன். இன்னிக்குத்தான் நீ மட்டும் தனியாத் தெரிஞ்ச. நல்லா இருந்த தெரியுமா?"

லொயிக்குக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது.