ஜாஸ்பினுக்குத் தடைக்காலம்

பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்து பத்து மணிக்குள் எனக்குப் பதினான்கு போன் வந்திருந்தது. பதினான்கும் நான் வேலை பார்க்கும் கோட்டைப்பட்டினம் ஐஸ் கம்பெனியிலிருந்தும், அங்கே ஐஸ் எடுக்கும் படகுக்காரர்களிடமிருந்தும்தான். குவைத்தில் இருக்கும் என் புருஷன் ஜெஸ்வினுக்கு லைன் கிடைக்கவே இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "எம் மகளைப் பாக்கணும்னா ஒங்க கம்பெனியில டோக்கன் போடணுமா?"

படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. தையல் இழுத்ததும் கோபம் வந்தது. பதினெட்டு நாளாக எனக்கு இப்படித்தான், ஒன்று மாற்றி ஒன்று.

கம்பெனியில் என் வேலை விசைப்படகுகளுக்கு, ஊர்ப்பேச்சில் போட்டுகளுக்கு, ஐஸ் வரிசை போடுவது. திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற நாள். முந்தின நாள் மதியமே எழுபது போட்டுக்காரர்களும் வந்து நின்றுவிடுவார்கள். யாருக்கு முதலில், யாருக்கு எத்தனை பார், அதாவது எத்தனை ஐஸ் கட்டி என்று நான் எழுதிக் கொடுப்பேன். இதென்ன பெரிய வித்தை என்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பங்கு பிரித்த நாளிலிருந்து முகத்தில் முழிக்காத ஒரு அண்ணன் தம்பி இருக்கிறார்கள். இரண்டு பேர் போட்டுக்கும் நடுவில் ஐந்து போட்டாவது விடவேண்டும், இல்லாவிட்டால் கைகலப்பு. சங்கத் தலைவர் ராக்கனுக்கு முதல் இடம் கொடுத்தால் ஊர் பேசும், கடைசி இடம் கொடுத்தால் ராக்கன் பேசுவார். இந்த நெளிவு சுளிவையெல்லாம் இரண்டு நோட்டு நிறைய எழுதி, மெஷின் ஆபரேட்டர் நிலவழகன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆவூருக்கு, அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தேன். அவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டிருப்பார் போல. பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மகள் வாய் வைக்கிற நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். ஒரு தடவை அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நாப்பது பாரு, நாப்பது பாரு" என்று பாடியிருக்கிறேன். அவளும் தூங்கிவிட்டாள். அதைக் கேட்ட என் அம்மா அருளம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"போனை அமத்திப் போட வேண்டியதுதானடி? ஒன்ன யாரு கையப் பிடிச்சா?"

பயம்தான் பிடித்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் நான் ஒருத்திதான் பெண். அங்கே பிள்ளைப்பேற்று லீவு எடுத்த முதல் ஆளும் நான்தான். பதில் சொல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்துப் போகும்போது என் நாற்காலியில் வேறு யாராவது சட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். மகளும் முழுசாக வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பதினைந்தாவது போன் முதலாளி திருப்பதியே பண்ணினார். நல்ல மனிதர், தொண்டை மட்டும் ஜெனரேட்டர்.

"ஜாஸ்பினு, ஒரே ஒரு கேள்விம்மா."

"அண்ணே, நான் லீவுல இருக்கேன். ஆறு மாசம் லீவுன்னு சட்டமே இருக்குண்ணே."

"சட்டம் நிக்கும்மா. ஐஸ் நிக்குமா? உருகுதுல்ல!" கொஞ்சம் தணிந்த குரலில், "தப்பா எடுத்துக்காத. தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் எறங்குற வாரத்துலயா நீ பெக்கணும்? ரெண்டு மாசம் முந்தி, தடைக்காலத்துலயே பெத்திருந்தா யாருக்கும் தொந்தரவு இல்லல்ல?" என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையான வருத்தத்தில் சொன்னார். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை, மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலில் இறங்கக் கூடாது. அந்த நாட்களில் ஐஸ் கம்பெனியும் படுத்துவிடும். அதைத்தான் சொல்கிறார். எனக்கோ உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. ஏறின வேகத்தில் ஒரு வழியும் தெரிந்தது.

"ஏண்ணே, மீன் முட்டை போடுதுன்னு அறுவத்தொரு நாள் கரையில உக்காந்திருந்தீங்கல்ல?"

"ஆமா."

"ஒரு நாளாச்சும் தண்ணியோரமா நின்னு, 'ஏ மீனே, ஒரே ஒரு கேள்வி'ன்னு கேட்டீங்களா?"

"அது எப்படிம்மா கேக்குறது?"

"நான் பெத்தது முட்டை இல்லண்ணே, புள்ள. இன்னையிலேருந்து எனக்குத் தடைக்காலம்."

தடைக்காலம் என்றால் அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சட்டம் என்றபோது வாதாடினவர், இப்போது அதன் உட்பிரிவுகளுக்குள் இறங்கிவிட்டார்.

"நாட்டுப்படகுக்கு விலக்கு உண்டுல்லம்மா?"

உண்டுதான். தடைக்காலத்திலும் சின்ன நாட்டுப்படகுகள் கரையோரமாகப் போய்வரலாம். யோசித்தேன்.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு, பதினோரு மணிக்கு, கால் மணி நேரம். நீங்க மட்டும். கேள்வி நாட்டுப்படகு அளவுதான் இருக்கணும். நான் எழுதி வச்ச நோட்டுல இல்லாததா இருக்கணும்."

"நோட்டா? எந்த நோட்டு?"

"நிலவழகண்ணனைக் கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நெஞ்சு குதித்தது.

அரை மணி நேரத்தில் நிலவழகன் ஒரு ஆடியோ அனுப்பினார். முதலாளி போய்ச் சொல்லியிருப்பார் போல, படகுத்துறை மைக்கில் சங்கத் தலைவர் ராக்கன் முழங்கிக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பு! ஐஸ் கம்பெனி ஜாஸ்பினுக்கு இன்னையிலேருந்து தடைக்காலம் அமலுக்கு வந்திருச்சு. மீறி போன் பண்ணுற போட்டுக்கு அடுத்த தொழில் நாள் ஐஸ் வரிசையில கடைசி எடம். அது தலைவர் போட்டா இருந்தாலும் சரி!" அதே மூச்சில், வலைக்கூடத்தில் நுழைந்த வெள்ளாடு யாருடையது என்றும் கேட்டார்.

அன்றைக்கு நான் ஆடாத குறைதான். மகள் ஒரே மூச்சில் இருபது நிமிடம் பால் குடித்தாள். ஜெஸ்வினுக்கு முதல் அடியிலேயே லைன் கிடைத்தது. நம்பாமல், "ஜாஸ்பின்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். புதன் போனது, வியாழன் போனது. பகலில் படுத்து எழுந்தால் கன்னத்தில் பாய்க்கோடு விழுந்திருந்தது. அவ்வளவு தூக்கம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மனசுக்குள் அரிப்பு எடுத்தது. மறுநாள் சனி. எழுபது பேரும் இந்நேரம் வந்து நின்றிருப்பார்கள். போன் சும்மா கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா பார்த்தேன், இருந்தது. டவர் இருந்தது. அம்மாவின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், கணீரென்று அடித்தது.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அம்மா.

பிடித்துத்தான் இருந்தது. என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறதென்றால், என் இடத்தில் யாரோ வந்தாயிற்று. எவனோ என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேனாவை மென்றுகொண்டு வரிசை எழுதுகிறான். நினைக்க நினைக்க அவனுக்கு மீசைகூட முளைத்துவிட்டது. பொறுக்க முடியவில்லை. நானே அடித்துவிட்டேன்.

முதலாளி கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை.

"நீ ஏம்மா பண்ணுற? வம்பாயிரும்மா!"

"அண்ணே, வரிசை யாரு போடுறா? எம் எடத்துல யார வச்சிருக்கீங்க?"

"யார வைப்பேன்? நாந்தான் உக்காந்திருக்கேன். ஒரு கையில ஒன் நோட்டு, ஒரு கையில பிரஷர் மாத்திரை. புதன்கெழம போட்டுக்கு அண்ணனையும் தம்பியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப்புட்டேன். அப்பறம் நடுவுல நானே போயி நின்னேன், சட்டை கிழிஞ்சிருச்சு. இந்த வேலைக்கு ஒன்ன விட்டா இந்தக் கரையில ஆளு கிடையாதும்மா. டிசம்பர்ல நீ வார வரைக்கும் இங்க வேற யாரும் உக்கார மாட்டாக."

எனக்கு அழுகை முட்டியது. சந்தோஷத்தில்தான். அதற்குள் ராக்கன் குரல் பக்கத்தில் கேட்டது.

"போன்ல யாரு?"

"யாருமில்ல... ஜாஸ்பினு."

"நீங்களா பண்ணுனீக?"

"அய்யய்யோ, நான் பண்ணல! அவதான் பண்ணுனா!"

முதலாளி என்னை ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிட்டார். ராக்கன் நடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு மைக் கரகரத்தது.

"அறிவிப்பு! தடைக்காலத்துல இருக்குற ஆளே கடல்ல எறங்கிட்டதா தகவல். கடைசி எடம் குடுக்க அவுகளுக்குப் போட்டு இல்லாததால, இந்த ஞாயித்துக்கிழம நாட்டுப்படகு ரத்து!"

எழுபது போட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நானும் தையலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தேன். அம்மா ஓடிவந்து போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. தண்டனை என்றால் தண்டனைதான். அந்தக் கால் மணி நேரமும் மகளை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை தும்மினாள். ஒரு தடவை வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டாள். கோட்டைப்பட்டினத்தில் அன்றைக்கு இதைவிடப் பெரிய சேதி நடந்திருக்க முடியாது. நடந்திருந்தாலும் அதை எனக்குச் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது.